ஃபுமிகோவுக்குச் சிவப்பு

“மேடம், ஜப்பான் சாரைக் காணோம்.”

போனில் டிரைவர் ஆனந்த். ஓடி வந்தவன் போல் மூச்சு வாங்கினான்.

பொற்கொடி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பேக்கரியில பாருங்க ஆனந்த். தேங்கா பன்னை வாங்கிக் கையில வச்சிட்டு நிப்பாரு.”

“எல்லாம் பாத்துட்டன் மேடம். பேக்கரி, பஸ் ஸ்டாப், கோயிலு, ஒன்னு விடல. சென்னப்பன் பட்டறையில இறக்கி வுட்டுட்டு டீசல் போடப் போனன். திரும்பி வந்தா ஆளு இல்ல. போனு மட்டும் அந்தக் கல்லு மேல கிடக்குது.”

“எந்தக் கல்லு?”

“அவரு சம்சாரத்துக்குச் செய்யச் சொன்னாரே, அந்தக் கல்லு.”

இப்போது கண்ணை எடுத்தாள்.

“இன்னொன்னு மேடம். சானமாவுக் காட்டுல யானைக் கூட்டம் நிக்குது. பொழுது சாய்ஞ்சா காட்டோரம் யாரும் நடக்காதீங்கன்னு ஜீப்புல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போறாங்கோ. தமிழ்ல சொல்றான், தெலுங்குல சொல்றான், கன்னடத்துல சொல்றான். நம்மாளுக்கு மூணும் தெரியாதே!”

பொற்கொடி ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். ஜன்னலுக்கு வெளியே ஓசூர் வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

*

ஹிரானோ. வயது அறுபத்தாறு. சிப்காட்டில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குத் தர ஆலோசகராக ஜப்பானிலிருந்து வந்தவர். மனைவி ஃபுமிகோ இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் கிடையாது. பாகலூர் ரோட்டில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். இங்கிலீஷ்கூட அவருக்கு அளவுகளையும் குறைகளையும் சொல்ல மட்டுமே போதுமானது.

பொற்கொடிக்கு அவர் என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆனால் அவள் ஆறு வருஷமாகப் படித்ததை வாய்விட்டுப் பேச இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் இல்லையென்றால் அவளுக்கு இங்கே பேச்சே இல்லை.

டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறையில் அவள் பிஎச்.டி. மாணவி. அந்தத் துறையில் ஒரு விநோதம் உண்டு. மற்ற இடங்களில் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு உலகத்தைப் பார்ப்பார்கள். இங்கே உலகத்தில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு எல்லாப் பாடங்களாலும் பார்க்க வேண்டும். வரலாறு ஒருவர், பொருளாதாரம் ஒருவர், அரசியல் ஒருவர், மானுடவியல் ஒருவர், மொழிக்கு ஒரு அம்மா. சேரும்போது கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆய்வேடு எழுத உட்கார்ந்தபோதுதான் பந்தியில் தனக்கு இலை போடவில்லை என்று தெரிந்தது.

அவள் தலைப்பு, ஜப்பானியக் கல்லறைக் கற்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் கப்பலேறிப் போய் அங்கே சமாதிக் கல்லாக நிற்கிறது. யார் வெட்டுகிறார்கள், யார் வாங்குகிறார்கள், இரண்டு பக்கமும் சாவை எப்படிப் பார்க்கிறார்கள்? வரலாற்றுக்காரர், “இதில் வரலாறு குறைவு” என்றார். பொருளாதாரக்காரர், “மதம் அதிகம்” என்றார். மானுடவியல்காரர், “ஜப்பானுக்கே போகாமல் ஜப்பானா?” என்றார். போவதற்கான உதவித்தொகைக்கு இரண்டு தடவை எழுதிப்போட்டு இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. கல் கிளம்பும் ஊருக்காவது போவோம் என்று ஓசூரில் அறை எடுத்தாள். சாப்பாட்டுக்கு அந்தக் கம்பெனியில் சனிக்கிழமைகளில் மொழிபெயர்ப்பு.

சொந்த ஊர் பாரூரிலிருந்து அம்மா தங்கமணி போனில் விடமாட்டாள். “ஜப்பான் படிக்கறன்னு டில்லிக்குப் போனவ, ஓசூர்ல வந்து உக்காந்துட்டு என்னாடி பண்ற? எழவுக் கல்லைப் பத்திப் படிக்குதுன்னு சொன்னா எவன்டி பொண்ணு கேட்டு வருவான்?”

சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் ஹிரானோவும் அவளும் கேன்டீனில் உட்காருவார்கள். முதல் நாள் அவள் பேசியதைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் சிரித்தார். “என் பள்ளித் தலைமையாசிரியர் உயிரோடு திரும்பி வந்ததுபோல் இருக்கிறது” என்றார். அவள் ஜப்பானிய மொழி அப்படி. பழைய பாடப்புத்தகத்தில் ஊறியது. அதன்பிறகு அவள் தப்பாகப் பேசும்போதெல்லாம் அவர் ஆள்காட்டி விரலை லேசாக உயர்த்துவார். திருத்தமாட்டார். விரல் மட்டும். அவளே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த விரலுக்காகவே வாரம் முழுவதும் காத்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் ஆய்வைக் கேட்டுத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. ஃபுமிகோவின் அஸ்தி இன்னமும் அவருடைய அக்கா வீட்டில், ஒரு பீங்கான் ஜாடியில் இருந்தது. கல் வைக்கவில்லை. வைத்தால் முடிந்துவிடுமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர், “இந்த ஊர்க் கல்லிலேயே செய்கிறேன்” என்றார். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் சென்னப்பனின் கிரானைட் பட்டறைக்கு அவள்தான் கூட்டிப்போனாள்.

இன்றைக்குக் கல்லைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய நாள். அவளும் கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை. டில்லியிலிருந்து துறையின் கேள்வி மறுபடி வந்திருந்தது. ‘உங்கள் ஆய்வு எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்பதை உடனே தெளிவுபடுத்தவும்.’ அதற்குப் பதில் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

பதில் எழுதவில்லை. ஆளைத் தொலைத்துவிட்டாள்.

*

சானமாவுக் காட்டுக்குள் ராயக்கோட்டை ரோடு வளைந்தது. லாரிகள்கூட ஹாரன் அடிக்காமல் போயின. ஓரத்தில் வனத்துறை ஜீப் நின்றது. காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

“எங்கம்மா ஒண்டியா?”

“உத்தனப்பள்ளி சார். ஒரு வெளிநாட்டுக்காரர் நடந்து வந்ததைப் பாத்தீங்களா? வயசானவர், வெள்ளைத் தொப்பி.”

“தும்பிக்கை இருக்கறவங்களத்தான் காலையில இருந்து பாக்கறோம். சீக்கிரம் போங்க. நிக்காதீங்க.”

பட்டறை வாசலில் சென்னப்பன் நின்றிருந்தார். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும்.

“வாம்மா ஜப்பானு! உங்காளு என்னா பண்ணிட்டாரு பாத்தியா? வந்தாரு. கல்லைப் பாத்தாரு. ஒரு வார்த்தை இல்ல. தொப்பியக் கழட்டுனாரு, மறுபடி மாட்டுனாரு. நான் டீ சொல்லிட்டு வரன்னு உள்ள போனன், அய்யய்யோ, ஆளக் காணோம்! திங்கக்கிழம கன்டெய்னரும்மா. யானை கீனை மிதிச்சிதுன்னா போலீசு, எம்பசி, டிவிக்காரனுங்கோ... நான் எங்க போவன்?”

“கல்லைக் காட்டுங்க சார்.”

கொட்டகைக்குள் கல் தனியாக நின்றது. முகம் பார்க்கலாம் போல் பளபளத்த கருங்கல். நடுவில் குடும்பப் பெயர். கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெயர்கள். கல்லின் மேல் அவர் போன்.

அவள் எழுத்தைப் படிக்கும் முன்பே நிறம் கண்ணில் அடித்தது.

ஃபுமிகோவின் பெயர் சிவப்பு. ஹிரானோவின் பெயர் வெள்ளை.

பொற்கொடி குனிந்து இரண்டு பெயர்களையும் மறுபடி படித்தாள்.

ஜப்பானில் புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் முந்திக்கொண்டால், கல்லில் இருவர் பெயரையுமே வெட்டி வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். உயிரோடு இருப்பவர் பெயருக்குள் மட்டும் சிவப்புச் சாயம் நிரப்புவார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. ‘நான் அப்புறம் வருகிறேன், இது என் இடம்.’ அவரும் போய்ச் சேர்ந்த பிறகு சிவப்பைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஃபுமிகோவுக்கு வெள்ளை, தனக்குச் சிவப்பு என்றுதான் ஹிரானோ சொன்னார். அதை இதே சென்னப்பனிடம் தமிழில் சொன்னவள் பொற்கொடி.

இந்தக் கல்லோ தலைகீழாகப் பேசியது. ஃபுமிகோ உயிரோடு இருக்கிறாள். ஹிரானோ செத்துவிட்டார்.

“யாரு மாத்தச் சொன்னது?” அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

“என்னாத்த மாத்தனன்? நீ சொன்னத அப்படியே ராசாத்திகிட்ட சொன்னன். ஒன்னு வெள்ள, ஒன்னு சிவப்பு. அவதான் இங்க எழுத்துக்கு எனாமல் ரொப்பறவ.” சென்னப்பன் யோசித்தார். “ஆனா போன வாரம் உங்காளு தனியா வந்தாரும்மா. அவகிட்ட என்னவோ ஜாடை காட்டிட்டு இருந்தாரு. கண்ணுல தண்ணி வேற.”

அவரே வந்திருக்கிறார். அவரே மாற்றச் சொல்லியிருக்கிறார்.

கம்பெனி ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கவில்லை. போன சனிக்கிழமை காபியைக் கலக்கிக்கொண்டே, “அங்கே வீட்டுக் கதவைத் திறந்தால், ‘வந்துவிட்டேன்’ என்று சொல்வது எங்கள் வழக்கம். யாரிடம் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்” என்றார். அவள் அதைக் குறித்துக்கூட வைத்துக்கொண்டாளே! ஆய்வுக்கு உதவும் என்று. அட, கூறு கெட்டவளே!

“ஏ பாப்பா, அந்த ஜப்பான் சாமியையா தேடற?”

கொட்டகை ஓரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும். விரலெல்லாம் பெயிண்ட். நெற்றியில் பொட்டு இல்லை. ராசாத்தி.

“மாந்தோப்பு தாண்டி வேடியப்பன் கல்லுப் பக்கமாப் போனாரு. கூப்புட்டன், திரும்பவே இல்ல. இதத்தான் அப்ப இருந்து சொல்றன், இந்த ஓனரு காதுல வாங்குனாத்தான!”

“ஏ, நீ எப்படி சொன்ன? ‘சாமி போயிடுச்சி’ன்னு சொன்ன. நான் கரன்ட்டு போயி மிசினு மேல இருக்கற சாமி படத்து லைட்டு நின்னுடுச்சாக்கும்னு...”

மீதியைக் கேட்க பொற்கொடி நிற்கவில்லை. “ஏறுங்கக்கா” என்றாள். ஆனந்தைக் காரில் பின்னால் வரச் சொன்னாள்.

*

வேடியப்பன் கல்லை ஹிரானோவுக்குக் காட்டியவளும் அவள்தான். காட்டோரம், ராகிக் கொல்லை முடியும் இடத்தில், பழங்காலத்து நடுகல் ஒன்று. வில்லும் கையுமாய் ஒரு வீரன். பக்கத்தில் ஒரு பெண். எழுத்து எதுவும் இல்லை. கல் வேலை ஆரம்பித்த அன்று அங்கே போயிருந்தார்கள். “இது யார்?” என்று கேட்டார். “பெயர் தெரியாது. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனாக இருக்கலாம்” என்றாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “பெயர் இல்லாதது நல்லது. யார் முதலில், யார் பிறகு என்று யாரும் கேட்கமாட்டார்கள்” என்றார்.

அந்த இடத்துக்கு. யானை நிற்கும் நேரத்தில். தன் பெயருக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டு.

மண் ரோட்டில் ஸ்கூட்டி குதித்தது. யானையை விரட்ட எங்கோ பட்டாசு வெடித்தார்கள். கொல்லைக்காரர்கள் பரண் மேல் நின்று கன்னடத்தில் ஏதோ கூவினார்கள்.

“மெதுவா, பாப்பா! எனக்கு இடுப்பு இருக்கறதே ஒன்னு.”

“அக்கா, அவரு போன வாரம் உங்ககிட்ட என்னா சொன்னாரு?”

“அவரு பாசையில சொன்னா எனக்கு என்னா தெரியும்? போனுல போட்டா காட்டுனாரு. நல்ல லட்சணமான பொம்பள, குண்டுக் கன்னம். இவங்கன்னு கல்லுல பேரத் தொட்டுக் காட்டுனாரு. மேல கையக் காட்டுனாரு, போயிட்டாங்கன்னு. அப்பறம் தன் நெஞ்சத் தொட்டாரு. நான் மட்டும் இருக்கறன்னு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா, கும்புட்டுட்டுப் போயிட்டாரு. அதுக்கு அப்பறந்தான் எனக்கு உறைச்சுது. புருசன் இருக்கறப்பவே போன மகராசி! பூவும் பொட்டுமாப் போனவ. அவ பேருக்குப் போயி வெள்ளையடிக்கச் சொல்லிட்டாங்களே! இந்த ஜப்பான் பொண்ணு கல்யாணம் காச்சி ஆவாதது, அதுக்கு என்னா தெரியும், மாத்திச் சொல்லிடுச்சின்னு நெனச்சன். மொதல்ல பூசுன வெள்ளையச் சுரண்டிட்டு அவங்களுக்குக் குங்குமச் செவப்பு குடுத்தன். மிச்சம் இருந்தது வெள்ள. அத இவருக்குக் குடுத்தன். ஆம்பளைக்கு வெள்ளன்னா வேட்டி மாதிரி, அதுல என்னா தப்பு?”

பொற்கொடி பிரேக்கை அழுத்தினாள். ராசாத்தி அவள் முதுகில் வந்து மோதினாள்.

அவர் மாற்றச் சொல்லவே இல்லை!

ஒரு கணம் நிம்மதி. மறு கணம் அதைவிடப் பெரிய பயம். சொல்லாமலே அவர் அந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார். வந்து பார்த்தால், கல் சொல்கிறது, நீ செத்துவிட்டாய் என்று. கேட்க ஆள் இல்லை. கேட்கவும் மொழி இல்லை. கூட வந்திருக்க வேண்டியவள் அறையில் உட்கார்ந்து, தான் எந்தப் பாடம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கல்லறையில் சிவப்பு எழுத்து பற்றி அவள் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. பிரஷ் பிடிக்கிற ராசாத்தியிடம் அதில் ஒரு வரிகூடச் சொன்னதில்லை. உயிரோடு இருப்பவர் பெயரைச் சமாதிக் கல்லில் வெட்டுகிறோம் என்று தெரிந்தால் பட்டறையில் முணுமுணுப்பார்கள் என்று, “அது அவங்க வழக்கம்” என்று முடித்துக்கொண்டாள்.

“என்னா பாப்பா நின்னுட்ட? தப்பு பண்ணிட்டனா?”

“இல்லக்கா. நான்தான் பண்ணன்.”

*

முதலில் கண்ணில் பட்டது அவர் அல்ல, ஷூக்கள்.

கறுப்பு ஷூ ஜோடி ஒன்று, ராகிக் கொல்லையின் வரப்பில், ஒன்றையொன்று ஒட்டி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. உயிரை விடத் துணிந்தவர்கள் ஷூவைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுப் போவார்கள் என்று அந்த நாட்டைப் பற்றி எத்தனை இடத்தில் படித்திருக்கிறாள்!

“ஹிரானோ-சான்!”

அவள் கத்தியதில் கொக்குகள் பறந்தன. காட்டுக்குள் எங்கோ கிளை ஒன்று சடசடவென்று முறிந்தது.

“அங்க பாரு” என்றாள் ராசாத்தி.

நடுகல்லுக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பி. கல்லில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையைத் தாழ்த்தி வணங்கினார், ஆபீஸ் வராந்தாவில் எதிர்ப்பட்டவர் மாதிரி.

“ஷூ... ஷூவை ஏன் கழற்றினீர்கள்?” அவசரத்தில் அவள் ஜப்பானிய மொழி தடுமாறியது.

“நீங்கள் அன்றைக்கு இங்கே கழற்றினீர்களே” என்றார்.

பொற்கொடி அப்படியே உட்கார்ந்தாள்.

“இங்கே இருக்கக் கூடாது. யானை வரும். எழுந்திருங்கள்.”

அவர் எழவில்லை. “கல்லைப் படித்தேன்” என்றார் நிதானமாக. “முதலில் தவறு என்றுதான் நினைத்தேன். அப்புறம் தோன்றியது, யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் போன பிறகு நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், அளவு பார்க்கிறேன். உயிரோடு இருப்பது நான் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு தூரத்தில், என்னை யாருக்கும் தெரியாத ஊரில், ஒருவர் அதைச் சரியாக எழுதி வைத்திருக்கிறார். தப்பு என்று எப்படிச் சொல்வேன்? ஓகே சொல்லவும் வாய் வரவில்லை. நடந்துவிட்டேன்.”

“என்னா சொல்றாரு?” ராசாத்தி தோளை உலுக்கினாள். “சொல்லு பாப்பா, என்னா சொல்றாரு?”

கம்பெனிக் கூட்டங்களில் அவள் கசப்பானதை எல்லாம் மழுப்பி மொழிபெயர்ப்பாள். இங்கே மழுப்பவில்லை. அப்படியே சொன்னாள்.

ராசாத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு பெயிண்ட் அப்பிய விரல்களால் தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ சாமி! உசுரோட இருக்கற மனுசன செத்தவன்னு எழுதிட்டனா? எனக்கு என்னா தெரியும்? நான் அந்த மகராசிக்கில்ல செஞ்சன்! எம்புருசன் போனப்ப என் நெத்தியில இருந்தத அழிச்சாங்க. அன்னிக்கிப் போனது, இன்னி வரைக்கும் வெள்ளைய கண்டா எனக்கு ஆவாது. இவங்களுக்கு அது வேணாமேன்னுதான் செஞ்சன். சொல்லு அவருகிட்ட!”

சொல்ல வேண்டும். ஆனால் எப்படி? பூவும் பொட்டுமாகப் போனவள் என்பதற்கு அந்த மொழியில் அவளுக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. ஐந்து பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்த எதுவும் வரவில்லை. அவளுக்கே அந்த வழக்கத்தின் மேல் கோபம் உண்டு. எதிர்த்துக் கட்டுரைகூட எழுதியிருக்கிறாள்.

மெதுவாக ஆரம்பித்தாள்.

“இந்த ஊரில் சிவப்பு, மனைவியின் நிறம். கணவன் இருக்கும்வரை நெற்றியில் வைத்துக்கொள்வாள். அவன் போனால் அழித்துவிடுவார்கள், வெள்ளை வந்துவிடும். இந்த அம்மாவுக்கு அப்படி அழித்துவிட்டார்கள். உங்கள் மனைவி முதலில் போனதால், சிவப்போடு போனார். அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஏனென்றால்...” அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “ஏனென்றால் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். இந்த அம்மா எழுதியது அதைத்தான். ஃபுமிகோ-சானுக்குச் சிவப்பு என்றால், ஹிரானோ-சான் உயிரோடு இருக்கிறார் என்றுதான் இங்கே படிப்பார்கள்.”

அவர் ராசாத்தியைப் பார்த்தார். அவள் வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை லேசாக உயர்த்தினார்.

“என்ன தப்பு?” என்றாள் பொற்கொடி.

“‘பறிக்க’ என்பதற்கு நீங்கள் சொன்ன சொல், வரி வசூலிப்பவர்கள் சொல்வது” என்றார். முதல் தடவையாக, விரலோடு நிறுத்தாமல் வாயால் திருத்தினார். கண்கள் நிரம்பிவிட்டன.

ராகிக் கொல்லைக்கு அப்பால் பட்டாசு தொடர்ச்சியாக வெடித்தது. மண் ரோட்டில் ஆனந்தின் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு தூக்கித் தூக்கிப் போட வந்தது. “மேடம்! கெளம்புங்க மேடம்! யானைங்கள இந்தப் பக்கந்தான் தள்ளிட்டு வராங்கோ!”

ஹிரானோ எழுந்தார். அந்த அவசரத்திலும் வரப்பில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை ஒழுங்காகக் கட்டினார். ராசாத்திக்குப் பொறுக்கவில்லை. “கையில எடுத்துட்டு வா சாமி! யானை வந்து ஷூ லேஸையா பாக்கப்போவுது?” என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. இழுத்த பக்கம் ஓடினார்.

*

மறுநாள் பட்டறையில் ராசாத்தி அவர் பெயரிலிருந்த வெள்ளையைச் சுரண்டினாள். சிவப்பு டப்பாவைத் திறந்தாள். ஃபுமிகோவின் பெயரைக் காட்டி, “இத என்னா பண்றது, வெள்ளையாவா?” என்று கண்ணாலேயே கேட்டாள்.

ஹிரானோ தலையை ஆட்டினார். வேண்டாம்.

“ரெண்டும் செவப்பா?” சென்னப்பன் பதறினார். “அம்மா ஜப்பானு, அங்க போயி எறக்குன பொறவு தப்பா இருக்குன்னு திருப்பி அனுப்பிச்சிடப் போறாங்க. ஒரு தடவ நல்லாக் கேட்டுக்க!”

கேட்டாள். “அவளுக்கு இந்த ஊர்ச் சிவப்பு. எனக்கு எங்கள் ஊர்ச் சிவப்பு” என்றார் அவர்.

கல் கன்டெய்னரில் ஏறியது. மாதக் கடைசியில் அவரும் கிளம்பினார். ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கம்பெனியிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று பொற்கொடி கேட்டிருந்தாள். கல் போய்ச் சேரும்போது வாங்கி நட ஆள் வேண்டுமே என்றார். அதற்கு மேல் அவள் என்ன சொல்வது? அவரைப் போக வைத்ததே, ‘நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்’ என்று அவள் சொன்ன சொல்தான். காரில் ஏறும் முன் தலையைத் தாழ்த்தி வணங்கினார். அவளும் வணங்கினாள். கார் திரும்பும்வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது ரோட்டில் டெம்போக்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

துறைக்குப் பதில் அனுப்பினாள். வேடியப்பன் கல்லில் நடந்ததைச் சேர்த்து எழுதிப் பார்த்தாள். வரலாறு ஆதாரம் கேட்கும், பொருளாதாரம் எண் கேட்கும். அழித்துவிட்டாள். ‘மானுடவியல்’ என்று ஒரு சொல் போட்டு அனுப்பினாள். நல்லது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, போனில் ஒரு படம் வந்தது. மழையில் நனைந்த கருங்கல். இரண்டு சிவப்பு. கீழே ஹிரானோ எழுதியிருந்தார். ‘கோயில் குரு கேட்டார், இருவருமே உயிரோடா என்று. நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை. தினமும் கதவைத் திறந்து, வந்துவிட்டேன் என்று சொல்கிறேன்.’

படத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் காட்டினால், எழவுக் கல்லா என்பாள். துறையில் காட்டினால், எந்த வருஷம் என்பார்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். ராசாத்தி சூளகிரிப் பக்கம் வேறு பட்டறைக்குப் போய்விட்டதாகச் சென்னப்பன் சொன்னார். “நம்பரா? அவ போனே வச்சிக்கறது இல்லம்மா.”

திரும்பும் வழியில் மண் ரோட்டில் இறங்கினாள். யானைகள் கர்நாடகப் பக்கம் போய்விட்டிருந்தன. ராகி அறுத்த கொல்லை மொட்டையாகக் கிடந்தது. வரப்பில் செருப்பைக் கழற்றி, ஒன்றையொன்று ஒட்டி வைத்தாள். நடுகல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

அன்று தப்பாகச் சொன்ன அந்த வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் மறுபடி சொல்லிப் பார்த்தாள். வரிக்காரர்களின் சொல்லை எடுத்துவிட்டு, வேறு சொல் போட்டு, வாய்விட்டு, முழுதாக.

சரியா, தப்பா? எதிரில் விரல் எதுவும் உயரவில்லை.

இன்னொரு தடவை சொன்னாள்.